கட்டி ஒன்றுபோல, குணம் வேறுவேறு



ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டு ஓரகத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தவருக்கு வயது 54, இளையவருக்கு 47. ஓராண்டு இடைவெளியில் இருவருக்குமே மார்பில் கட்டி தென்படுகிறது. இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் அளவு. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு இருவருக்குமே நோய் பரவவில்லை. ஒரே மருத்துவமனை, ஒரே வகை அறுவை சிகிச்சை.

பாதை அதன் பிறகுதான் பிரிகிறது. மூத்தவருக்குக் கீமோதெரபி வேண்டாம், நாளுக்கு ஒரு மாத்திரை போதும் என்று மருத்துவர் சொல்லிவிடுகிறார். இளையவருக்கோ கீமோதெரபி, அதோடு மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று ஓராண்டுக்கு ஊசி மருந்து. அவருக்குத் தலைமுடி கொட்டுகிறது. உடல் சோர்ந்து போகிறது.

வீட்டில் பேச்சு கிளம்புகிறது. "இரண்டு பேருக்கும் ஒரே அளவுக் கட்டிதானே? மூத்தவளுக்கு மாத்திரையோடு முடிந்துவிட்டது. இளையவளுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?" என்று மாமியார் கேட்கிறார். நோய் முற்றிவிட்டதை டாக்டர் மறைக்கிறாரோ என்று ஒருவர் சந்தேகப்படுகிறார். பணம் பிடுங்கும் வேலை என்கிறார் இன்னொருவர். நாட்டு மருந்து பார்க்கலாமே என்று மூன்றாமவர் ஒரு விலாசத்தை நீட்டுகிறார்.

இது எடுத்துக்காட்டுக்காகச் சொன்ன குடும்பம். ஆனால் இந்தக் கேள்வி கற்பனையல்ல. புற்றுநோய்ப் பிரிவின் காத்திருப்பு நாற்காலிகளில் அன்றாடம் எழும் கேள்வி அது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். ஆகவே இதற்கான பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதில் கட்டியின் அளவில் மட்டும் இல்லை. கட்டியிலிருந்து எடுத்த திசுவில் இருக்கிறது.

மெழுகில் புதைந்த சாட்சி

கட்டியிலிருந்து ஊசி மூலம் எடுக்கப்படும் சிறு துணுக்கு முதலில் ஃபார்மலின் திரவத்தில் ஊற வைக்கப்படுகிறது. பிறகு பாரஃபின் மெழுகில் புதைக்கப்படுகிறது. அந்த மெழுகுக் கட்டியிலிருந்து தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சீவல்களைச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். அதன் மீது குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டுமே தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை இட்டு நிறமேற்றுகிறார்கள். அந்தப் புரதம் இருக்கும் உயிரணுக்கள் பழுப்பு நிறத்தில் தெரியும். இல்லாதவை நிறம் மாறாமல் இருக்கும். திசுவை ஆராயும் நோயியல் மருத்துவர் அதை நுண்ணோக்கியில் பார்த்து, எத்தனை சதவீத உயிரணுக்கள் நிறம் பிடித்தன, எவ்வளவு அழுத்தமாகப் பிடித்தன என்று கணக்கிட்டு எழுதுகிறார்.

முன்பெல்லாம் திசுச் சோதனையிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். இது புற்றுநோயா, இல்லையா? இன்று அதோடு இன்னும் மூன்று கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. இந்தப் புற்று எதனால் வளர்கிறது? எவ்வளவு வேகமாக வளர்கிறது? எந்த மருந்துக்கு அடங்கும்? இவற்றுக்கு விடை சொல்லும் புரதங்களையும் மரபணுக்களையும்தான் திசு அடையாளங்கள் என்கிறோம்.

இவற்றில் இரண்டு வகைச் செய்தி உண்டு. நோய் எந்தப் போக்கில் போகக்கூடும் என்பது ஒன்று. எந்தச் சிகிச்சை பலன் தரும் என்பது மற்றொன்று. சில அடையாளங்கள் ஒன்றை மட்டும் சொல்லும். சில இரண்டையும் சொல்லும். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதிப் பயம் விலகிவிடும்.

1896இல் தொடங்கிய புதிர்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர் 1896ஆம் ஆண்டில் ஒரு விந்தையான செய்தியை வெளியிட்டார். முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்ணின் சூலகங்களை அகற்றியபோது மார்பிலிருந்த கட்டி சுருங்கியது என்பதே அது. கை வைத்தது ஓரிடம், பலன் கிடைத்தது வேறிடம்! மற்ற மருத்துவர்களும் இதைச் செய்து பார்த்தார்கள். சில பெண்களுக்குப் பலன் கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லாமல், வீணாக அறுவை சிகிச்சைக்கு ஆளான பெண்கள் ஏராளம்.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் இந்தப் புதிர் அவிழத் தொடங்கியது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் என்ற அறிவியலாளர், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனில் கதிரியக்க அடையாளம் இட்டு, அது உடலில் எங்கே போய்ச் சேர்கிறது என்று தொடர்ந்து பார்த்தார். சில திசுக்களில் அந்த ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் ஒன்று இருப்பது தெரிந்தது. அதுதான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. பூட்டுக்குள் சாவி நுழைவதுபோல ஹார்மோன் இந்த ஏற்பியில் நுழைந்தால், உயிரணு பெருகத் தொடங்குகிறது. சில மார்பகக் கட்டிகளில் இந்தப் பூட்டு இருக்கிறது. சிலவற்றில் இல்லை. பூட்டே இல்லாத இடத்தில் சாவியைப் பறித்து என்ன பயன்? பீட்சன் காலத்துப் புதிருக்கு விடை இதுதான்.

இன்று திசு அறிக்கையில் 'இ.ஆர்.' என்று எழுதியிருப்பது இந்த ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத்தான். அதன் அருகே வரும் 'பி.ஆர்.' என்பது புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனின் ஏற்பி. மார்பகப் புற்றுநோய்களில் பத்தில் ஏழு அளவுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உடையவை. நூறு புற்று உயிரணுக்களில் ஒன்று நிறம் பிடித்தாலும் அது நேர்முடிவு என்றே கணக்கிடப்படுகிறது. பத்துக்குள் இருந்தால் குறைந்த அளவு நேர்முடிவு என்று தனியாகக் குறிக்கிறார்கள்.

மெதுவாக நடக்கும், மறக்காது

பூட்டு தெரிந்துவிட்டது. அதை அடைப்பதற்கு ஒரு மருந்து வேண்டுமே! 1960களில் பிரிட்டனில் கருத்தடை மருந்துக்கான ஆராய்ச்சியில் உருவாக்கப்பட்டது தமோக்சிஃபென். கருத்தடைக்கு அது உதவவில்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் உட்கார்ந்து ஹார்மோனுக்கு வழி விடாமல் தடுக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. 1973இல் பிரிட்டனிலும் 1977இல் அமெரிக்காவிலும் மார்பகப் புற்றுநோய்க்கு அது அனுமதி பெற்றது. மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு, உடலில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளும் பின்னர் வந்தன.

ஒரு சிறு மாத்திரை என்ன செய்துவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். ஏற்பி உடைய நோயாளிகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டி 2011இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டு தமோக்சிஃபென் எடுத்தவர்களுக்கு 15 ஆண்டுக் காலத்தில் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஏற்பி இல்லாத கட்டிகளுக்கோ இந்த மாத்திரையால் பலன் இல்லை.

ஆனால் இந்த வகைப் புற்றுக்கு ஒரு குணம் உண்டு. அது பெரும்பாலும் மெதுவாக நடக்கும், எளிதில் மறக்காது. முதல் சில ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டுப் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் திரும்பி வரக்கூடும். 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஐந்தாண்டு மாத்திரைகளை முடித்த பெண்களிடம் 20 ஆண்டு வரையிலும் நோய் திரும்பும் வாய்ப்பு இருந்துகொண்டே இருப்பதைக் காட்டியது. எனவேதான் சிலருக்கு ஐந்தாண்டுக்கு மேலும் மாத்திரையைத் தொடரச் சொல்கிறார்கள்.

மோசமான அடையாளமே கைப்பிடியான கதை

இப்போது இளையவரின் அறிக்கைக்கு வருவோம். அதில் 'ஹெர்-2' என்ற வரிக்கு எதிரே 3+ என்று இருக்கிறது. ஹெர்-2 என்பது உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். 'வளர்' என்ற ஆணையை உள்ளே கடத்துவது அதன் வேலை. எல்லாருடைய உயிரணுக்களிலும் அது ஓரளவு உண்டு. சில கட்டிகளில் அதற்கான மரபணு பல பிரதிகளாகப் பெருகிவிடுவதால், அந்த ஆணை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

1987இல் அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனும் அவருடைய குழுவினரும் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 30 சதவீதத்தில் இந்த மரபணு பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் விரைவில் திரும்பியது, ஆயுளும் குறைந்திருந்தது. இன்றைய கணக்கில் நூறு மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 வரை இந்த வகை. அந்நாளில் ஹெர்-2 மிகுதி என்று அறிக்கை வந்தால், அது கெட்ட செய்தி மட்டுமே.

ஸ்லாமன் அதோடு நிற்கவில்லை. கட்டி அந்தப் புரதத்தை நம்பித்தான் வளர்கிறது என்றால், அந்தப் புரதத்தையே தாக்கினால் என்ன? அந்தச் சிந்தனையில் உருவான மருந்துதான் டிராஸ்டுசுமாப். ஹெர்செப்டின் என்ற வணிகப் பெயரில் பலரும் அறிந்தது. முற்றிய நோய்க்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தொடக்க நிலை நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் 2005இல் வெளிவந்தபோது மருத்துவ உலகமே வியந்தது. கீமோதெரபியோடு இதையும் பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

எண்ணிப் பாருங்கள். அடையாளம் மாறவில்லை. அதன் பொருள் மாறிவிட்டது. நேற்றுவரை மிக மோசமான அறிகுறியாக இருந்தது, இன்று மருந்துக்குக் கிடைத்த கைப்பிடி. இந்த மருந்து சிலருக்கு இதயத்தின் வலுவைக் குறைக்கக்கூடும். அதனால் சிகிச்சைக் காலத்தில் இடையிடையே இதயப் பரிசோதனை நடக்கும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். அது வழக்கமான பாதுகாப்பு ஏற்பாடு.

அறிக்கையில் 2+ என்று வந்தால் முடிவு இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள். மரபணுப் பிரதிகளையே எண்ணிப் பார்க்கும் இன்னொரு சோதனை நடக்கும். அதற்குச் சில நாட்கள் ஆகலாம். தாமதம் ஏன் என்று பதறுவதைவிட, சரியான விடைக்குக் காத்திருப்பது நல்லது.

மூன்றும் இல்லை என்றால்?

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி இல்லை, ஹெர்-2 மிகுதியும் இல்லை. இப்படி மூன்றுக்கும் எதிர்முடிவு வருவது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு. இந்த வகை வேகமானது. முதல் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் திரும்பும் அபாயம் அதிகம். ஆனால் அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டால் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். முன்பு சொன்ன மெதுவான வகைக்கு நேர்மாறான போக்கு இது.

மாத்திரையும் பயன்படாது, டிராஸ்டுசுமாப்பும் பயன்படாது என்பதால் கைவிட்டுவிட்டதாக யாரும் எண்ணக்கூடாது. கீமோதெரபிக்கு நன்றாக அடங்கும் கட்டிகள் இவற்றில் பல. அறுவைக்கு முன்பே மருந்து கொடுத்துக் கட்டி முழுவதும் கரைந்துவிட்டால், அதுவே எதிர்காலம் பற்றிய நல்ல செய்தி. அபாயம் மிகுந்த நிலையில் உள்ளவர்களுக்கு, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்க 2021இல் அமெரிக்காவில் அனுமதி வந்தது.

கீமோ வேண்டாம் என்பது கஞ்சத்தனமல்ல

மீண்டும் மூத்தவரிடம் வருவோம். அவருக்குக் கீமோ தேவையில்லை என்று மருத்துவர் எப்படி முடிவு செய்தார்? அறிக்கையில் 'கே.ஐ.-67' என்று ஒரு வரி இருக்கும். ஜெர்மனியின் கீல் நகரில் கண்டறியப்பட்டதால் அந்நகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உயிரணு பிளந்து பெருகும் நேரத்தில் மட்டும் தோன்றும் புரதம் இது. சதவீதம் அதிகமென்றால் வேகம் அதிகம். ஆனால் எண்ணுபவருக்கு எண்ணுபவர் சற்று வேறுபடும் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை.

அடுத்த படி மரபணுச் சோதனை. மெழுகில் இருக்கும் அதே திசுவிலிருந்து 21 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து, 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் தரும் சோதனை ஒன்று உண்டு. ஏற்பி உடைய, ஹெர்-2 மிகுதி இல்லாத, கணுக்களுக்குப் பரவாத நோய் கொண்ட பெண்களிடம் இதைப் பயன்படுத்தி நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. 11 முதல் 25 வரை மதிப்பெண் பெற்ற 6,711 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும். மறு பாதியினருக்குக் கீமோவும் சேர்த்து. ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 50 வயதும் அதற்குக் குறைவாகவும் உள்ள பெண்களில் மட்டும், 16 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தவர்களுக்குக் கீமோவால் ஓரளவு பலன் தெரிந்தது.

அதாவது, தேவையில்லாத கீமோவைத் தவிர்ப்பதும் ஒரு சிகிச்சை முடிவுதான். இந்தச் சோதனைக்குச் செலவு அதிகம். எல்லாருக்கும் அது தேவையும் இல்லை. இளையவருடையதைப் போன்ற ஹெர்-2 மிகுந்த கட்டிக்கு இதனால் பயனில்லை. எனவே வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். வேண்டியே ஆக வேண்டும் என்று கடன் வாங்க வேண்டியதில்லை.

கருப்பையிலும் இதே பாடம்

இது மார்பகத்தோடு நிற்கும் செய்தியல்ல. கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோயை அதன் மரபணு அடையாளங்களைக் கொண்டு நான்கு வகையாகப் பிரிக்கலாம் என்று 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். நுண்ணோக்கியில் பார்க்கும்போது மிகக் கொடியதாகத் தோன்றும் சில கட்டிகள், 'போல்-இ' என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால், வியப்பளிக்கும் அளவுக்கு நல்ல போக்கைக் காட்டுகின்றன. 'பி-53' புரதம் கெட்டுப்போனவை கடுமையானவை. டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இல்லாமல் இருந்தால், அது குடும்பத்தில் வழிவழியாக வரும் குறையாகவும் இருக்கலாம். அப்போது உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பெருங்குடல் பரிசோதனைக்குச் செல்ல நேரிடும். ஒருவரின் திசு, குடும்பத்துக்கே எச்சரிக்கை மணி அடிக்கிறது. 2023இல் உலக மகப்பேறு, பெண்நோய் மருத்துவர்கள் கூட்டமைப்பு, கருப்பைப் புற்றுநோயின் நிலையைக் கணக்கிடும் முறையிலேயே இந்த அடையாளங்களைச் சேர்த்துவிட்டது.

ஜாதகம் அல்ல

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் அவசியம். திசு அறிக்கை ஜாதகம் அல்ல. நூறு பேருக்கு இப்படி நடக்கிறது என்று அது சொல்லும். அந்த நூறில் நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று அதனால் சொல்ல முடியாது. நல்ல அடையாளம் உள்ளவருக்கும் நோய் திரும்பியதுண்டு. கடுமையான அடையாளத்தோடு பல்லாண்டு நலமாக வாழ்பவர்களும் உண்டு.

திசுவைக் கையாளும் முறையும் முக்கியம். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அது ஃபார்மலினில் போக வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும். இல்லாவிட்டால் விடை தவறக்கூடும். நோய் திரும்பினால் பழைய அறிக்கையை மட்டும் நம்பாமல் முடிந்தவரை மீண்டும் திசு எடுத்துப் பார்க்கிறார்கள். அடையாளங்கள் இடையில் மாறிவிடுவதுண்டு.

எந்த அடையாளமும் தாமதத்துக்கு ஈடு செய்யாது. கட்டியின் அளவும் கணுக்களின் நிலையும் இன்றும் முக்கியமானவை. சிங்கப்பூரில் 2002 முதல் தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் நடந்துவருகிறது. 50 வயதைத் தாண்டிய பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாமோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் அறிவுரை. 40 முதல் 49 வயது வரை உள்ளவர்கள் மருத்துவரிடம் கலந்து பேசி ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம். கட்டி தென்பட்டால் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

அறிக்கை யாருடையது?

பல தமிழ்க் குடும்பங்களில் அறிக்கை முதலில் கணவரின் கைக்கோ மகனின் கைக்கோ போகிறது. "அம்மா தாங்க மாட்டார்கள்" என்று மறைத்துவிடுகிறார்கள். அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் விளைவு என்ன? ஐந்தாண்டு மாத்திரை எதற்கு என்றே தெரியாத அந்த அம்மா, மூட்டு வலிக்கிறது, உடம்பு கொதிக்கிறது, நோய்தான் போய்விட்டதே என்று மூன்றாம் ஆண்டில் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இப்படி இடையில் நிறுத்துவோர் கணிசமாக உள்ளதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. வலி தாங்க முடியவில்லை என்று மருத்துவரிடம் சொன்னால் மாத்திரையை மாற்றித் தர வழியுண்டு. சொல்லாமல் நிறுத்தினால் வழியில்லை.

ஆகவே, திசு அறிக்கை வந்தவுடன் நோயாளியான பெண்ணே மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும். என் கட்டிக்கு ஹார்மோன் ஏற்பி உண்டா? ஹெர்-2 முடிவு என்ன? இவற்றை வைத்து எனக்கு எந்தச் சிகிச்சை, எத்தனை காலம்? அறிக்கையின் நகலொன்றை வீட்டிலும் பத்திரப்படுத்துங்கள். பத்தாண்டு கழித்தும் அது தேவைப்படலாம்.

மாமியாரின் கேள்விக்கு இனி விடை சொல்லலாம். இளையவருக்கு மருந்து அதிகம். ஏனென்றால் அவருடைய கட்டி வேகமானது. அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தவும் இன்று மருந்து இருக்கிறது. ஓராண்டில் அவருடைய ஊசி முடிந்துவிடும். மூத்தவருக்குத் துன்பம் குறைவு. ஆனால் மாத்திரையோடு முடிந்துவிடவில்லை. மாத்திரையோடுதான் தொடங்குகிறது. அவருடைய நோய் மெதுவாக நடப்பது, நீண்ட நாள் நினைவு வைத்திருப்பது.

ஐந்தாம் ஆண்டிலும் காலையில் அந்த ஒரு மாத்திரையை நினைவூட்ட அந்த வீட்டில் ஒருவர் வேண்டும். அது ஓரகத்தியாக இருந்தால் இன்னும் நல்லது.